காச மொதல்ல வயருக்குப் போடுங்க, சார்ஜருக்கு அப்புறம்

பழைய வண்டிங்கள்ல டேஷ்போர்டுல இருக்குற யூஎஸ்பி பாட்டு கேக்குறதுக்குன்னு வச்சது, போன் சார்ஜுக்கு அத நம்பி மலையேறாதீங்க. 5 வோல்ட்ல அரை ஆம்ப், மிஞ்சிப்போனா ஒரு ஆம்ப் வரும். மேப் ஓடணும், ஸ்க்ரீன் ஃபுல் பிரைட்டா இருக்கணும், ஜிபிஎஸ் வேற, இதுல டவர் இல்லாத காட்டுக்குள்ள போன் சிக்னலத் தேடித் தேடியே பேட்டரிய குடிச்சிரும். மேகமலை தாண்டி மணலாறு, இரவங்கலாறு பக்கம் போனவங்களுக்குத் தெரியும், சார்ஜ்ல போட்டிருக்கும்போதே பர்சன்டேஜ் எறங்கும்.

ஒடனே எல்லாரும் பண்றது, அட்டைல 100 வாட்ஸ்னு போட்ட சார்ஜர் ஒண்ண வாங்கி சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுறது. அது உள்ள வெறும் ஸ்ப்ரிங் கான்டாக்ட் தாங்க, கல்லு ரோட்ல குலுங்க குலுங்க லூசாயிரும், பாக்க சொருகின மாதிரியே இருக்கும் ஆனா கரண்ட் வந்து வந்து போகும்.

அதனால என் வண்டில பேட்டரில இருந்தே தனி லைன் இழுத்தாச்சு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கணும், டேஷ்போர்டு பக்கம் வச்சா அதுவரைக்கும் வர்ற வயரு பாடில ஒரசி ஷார்ட் ஆனா காப்பாத்த ஆளே இல்ல, பொகை வந்தப்புறம்தான் தெரியும். நடுவுல ஒரு ரிலே (கரண்ட்லயே ஆன், ஆஃப் ஆகுற சுவிட்ச்), சாவி போட்டாதான் அது ஆன் ஆகுற மாதிரி, இல்லன்னா ராத்திரி டென்ட் போட்டுத் தூங்கி எந்திரிச்சா வண்டி ஸ்டார்ட் ஆகாது. 2.5 ஸ்கொயர் எம்எம் வயரு, 15 ஆம்ப் ஃபியூஸ். "ஏன் தம்பி, போன் சார்ஜருக்கா இல்ல வெல்டிங் மிஷினுக்கா"ன்னு எலக்ட்ரீசியன் அண்ணன் கிண்டல் பண்ணாரு, பண்ணட்டும்.

கடைசில ஸ்க்ரூ போட்டு முடுக்குற டைப்-சி பிடி (பவர் டெலிவரி, வேகமா சார்ஜ் ஏத்துற வகை) போர்ட். 9 வோல்ட் 3 ஆம்ப்னா 27 வாட்ஸ், ரெண்டு போன் போட்டாலும் லைன்ல 5 ஆம்ப் சொச்சம்தான் போகும். டயருக்கு காத்து ஏத்துற கம்ப்ரெசர மட்டும் இதுல மாட்டாதீங்க, அது 10 ஆம்புக்கு மேலயே இழுக்கும், க்ளிப் போட்டு நேரா பேட்டரிலயே குடுத்துருங்க.

கேபிள் குட்டையா, முனை எல் ஷேப்ல வளைஞ்சதா வாங்குங்க, நீளமா ஆடிக்கிட்டு இருந்தா ஒவ்வொரு பள்ளத்துலயும் சார்ஜ் கட் ஆகும். போன கண்ணாடில ஒட்டாதீங்க, வெயில்ல சூடானா போன் தானாவே சார்ஜ் ஏத்துறத கொறைச்சிரும், அப்புறம் எத்தன வாட்ஸ் குடுத்து என்ன பிரயோஜனம், ஏசி காத்து வர்ற எடத்துல மாட்டுங்க.

சிக்னலுக்கு பூஸ்டர் வைக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, வேணாம், நம்ம நாட்டுல லைசன்ஸ் இல்லாம பூஸ்டர் வைக்கிறது குத்தம், பர்மிஷன் இல்லாத சாட்டிலைட் போனும் அப்படித்தான். ரெண்டாவது சிம் பிஎஸ்என்எல் போட்டு வைங்க, மலைல சில எடத்துல அது மட்டும்தான் எடுக்கும். கீழ இருக்கும்போதே ஆஃப்லைன் மேப் எறக்கிட்டு மேல ஃப்ளைட் மோட்ல போட்டாலும் ஜிபிஎஸ் வேல செய்யும், பேட்டரியும் நிக்கும். ரெண்டு மூணு வண்டியா போனா வாக்கி டாக்கி, 446 மெகாஹெர்ட்ஸ்ல அரை வாட் செட்டுக்கு லைசன்ஸ் தேவையில்ல, ஆனா ஆன்லைன்ல விக்கிறதெல்லாம் அந்த வகை கெடையாது, பாத்து வாங்குங்க. டைப்-சில சார்ஜ் ஏறுற செட்டா இருந்தா இதே போர்ட்லயே போட்டுக்கலாம்.