தஞ்சாவூர் வீணையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது

தூரதேசத்துக்குப் போகும் வீணையில் முதலில் கெடுவது மரம் இல்லை, மேளம், அதாவது மெழுகில் மெட்டுகள் பதித்த அமைப்பு. தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகளான இந்த 24 மெட்டுகளும் தேன்மெழுகில் கரித்தூள் சேர்த்துக் கட்டிய மெழுகின் மேல்தான் நிற்கின்றன. தேன்மெழுகு உருக 62 டிகிரியாவது வேண்டும். ஆனால் 40-ஐ நெருங்கும்போதே இளக ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் விமான நிலையச் சரக்குக் கூடத்துக்கு வெளியே பெட்டி அரைநாள் சாய்ந்து கிடந்தால் மெட்டுகளும் சாய்ந்துவிடும். அவசரமில்லாத ஆர்டர்களைக் கோடை கழிந்தே அனுப்புகிறோம்.

தந்திகளை முழுக்கத் தளர்த்தக் கூடாது. தந்திகளைத் தாங்கும் குதிரை மேல்பலகையில் நிற்பதே தந்தி கொடுக்கும் அழுத்தத்தில்தான். சுருதியை மூன்று நான்கு ஸ்வரம் இறக்கினால் போதும். குதிரையின் காலைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, படமும் எடுத்து வைக்க வேண்டும். வழியில் நகர்ந்தாலும் வாங்கியவரே பழைய இடத்தில் வைத்துக்கொள்வார். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே மெல்லிய ஃபிளானல் துணி. தண்டியின் (நீண்ட கழுத்தின்) கீழே மாட்டியிருக்கும் சுரைக்காயைக் கழற்றித் தனியே சுற்றி, தண்டிக்கு அடியில் உள்ள காலி இடத்தில் வைக்கலாம்.

பெட்டிதான் பெரிய தலைவலி. வீணையின் எடை பத்துக் கிலோவுக்குள் இருந்தாலும் கூரியர் நிறுவனங்கள் கன அளவு எடைக்குத்தான் பணம் கேட்கும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 140×45×45 பெட்டி என்றால் 56.7 கிலோ. அகலத்தையும் உயரத்தையும் ஐந்தைந்து சென்டிமீட்டர் கூட்டினால் 70 கிலோ! பயந்துகொண்டு எல்லாப் பக்கமும் பஞ்சு திணிக்க வேண்டாம். வீணையின் உருண்ட பகுதியான குடத்துக்குப் பள்ளம் வெட்டிய கெட்டி ஃபோம், தண்டிக்கு அடியில் இரண்டு இடத்தில் தாங்கல், அவ்வளவுதான். தந்தியை முறுக்கும் பிரடைகளும் தண்டியின் நுனியில் உள்ள யாளி முகமும் எதன் மேலும் படக்கூடாது. யாளிக்கு முன்னால் எட்டுச் சென்டிமீட்டர் வெற்றிடம் விடுகிறோம். பெட்டி தலைகீழாக விழுந்து யாளி இடித்தால் அந்த அதிர்ச்சி தண்டி வழியே இறங்கும். தனித்தனிப் பாகங்களை இணைத்த ஒட்டு வீணையில் குடமும் தண்டியும் சேரும் மூட்டு அப்போதுதான் விட்டுக்கொள்ளும். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு இந்தப் பயம் குறைவு.

பெட்டி பிளைவுட்டாக இருக்கட்டும். முழு மரப் பலகையில் அடித்தால், உள்மரம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பெட்டிகள் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை வேண்டும். பிளைவுட்டுக்கு அது தேவையில்லை.

இன்வாய்ஸில் 'மர வாத்தியம்' என்று மொட்டையாக எழுதினால் சுங்கத்தில் கேள்வி வரும். தந்தி வாத்தியங்களுக்கான 9202 என்ற சுங்கத் தலைப்பு எண்ணையும், பலாமரம் என்பதை ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டரோஃபில்லஸ் என்ற தாவரப் பெயருடனும் எழுதுங்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் பலா இல்லை. வெள்ளை வேலைப்பாடு பிளாஸ்டிக் என்பதையும் குறிப்பிட வேண்டும். தந்தமோ மான்கொம்போ பதித்த பழைய வீணை என்றால் நாங்கள் அனுப்பவே மாட்டோம்.

குளிர் நாட்டில் பெட்டி போய்ச் சேர்ந்ததும் ஒருநாள் பிரிக்காமல் வீட்டுக்குள் வைத்திருக்கச் சொல்வோம். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு பிரடை சுருங்கி வழுக்கும். அதற்குச் சாக்பீஸ் தூள். மேல்பலகை வெடிக்காமல் இருக்க, அறை ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதம்.

ஓரிரு மெட்டு நகர்ந்திருந்தால், சூடாக்கிய கம்பியை மெட்டின் ஓர மெழுகில் தொட்டு, நிமிர்த்தி, ஆறும்வரை பிடிக்க வேண்டும். 12-ஆம் மெட்டில் மேல் ஸட்ஜம் சரியாகப் பேசுகிறதா என்று டியூனரில் பார்க்கலாம். அதற்கு மேல் கலைந்திருந்தால் வாங்கியவரைத் தொட விடுவதில்லை. மேளம் கட்டத் தெரிந்தவர் அந்த ஊர்ப்பக்கம் யார் இருக்கிறார் என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்கிறோம்.