வாசல் இல்லாத கோட்டை

போன ஞாயிறு நீலகிரிப் பக்கம் கோத்தகிரியிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மலை உச்சிப் புல்லுக்கு நடுவே வட்டமாய் அடுக்கிய கல்சுவர், இடுப்பளவு உயரம். "எங்க ஊர்ப் பழைய கோட்டை" என்று கீழே எழுதியிருந்தார். நானும் யோசிக்காமல் அப்படியே பேஸ்புக்கில் போட்டேன். அரைமணி நேரத்துக்குள் யாரோ ஒருவர், "தம்பி, அது கல்லறை" என்று மானத்தை வாங்கிவிட்டார்.

அப்பாயிக்கு அதற்கு முன்பே சந்தேகம். போனைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "கோட்டைன்னா வாசல் எங்கடா? ராசா செவுரேறிக் குதிப்பானா?" என்று கேட்டார். இங்கே இலங்கையில், ஹப்புத்தளைக்குக் கீழே ஹல்துமுல்லையில் போர்த்துக்கீசர் கட்டியது என்று சொல்லும் கோட்டை கிடக்கிறது அல்லவா, அப்பாயிக்கு அளவுகோல் அதுதான்.

பிறகுதான் தேடிப் படித்தேன். நீலகிரி உச்சிகளில் இப்படிப்பட்ட ஈமக் கல்வட்டங்கள் நிறைய. சிலது கிணற்றுச் சுவர் மாதிரியே இருக்கும். 1870களின் தொடக்கத்தில் அங்கே கமிஷனராக இருந்த பிரீக்ஸ் பலவற்றைத் தோண்டினார். சாம்பல், எலும்பு, இரும்பு ஆயுதம், வெண்கலக் கிண்ணம் என்று வந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது பானைகள்தான். அடுக்கு அடுக்காய் உயர்ந்த பானை, அதன் மூடிமேல் களிமண்ணில் ஓர் எருமை நிற்கும். இப்போது அவற்றில் சில லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

நம்ம பக்கத்திலும் உண்டு. தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவ. நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், உள்ளே சாம்பலும் பானையும். கி.மு. 700 முதல் 400 வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் அது சமவெளி, கோட்டை என்று யாரும் ஏமாற மாட்டார்கள்.

சித்தப்பா, தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். அங்கேயும் தேயிலைதான். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "கல்லறையா? நாங்க அதுமேல உக்காந்துதானடா சோறு தின்னோம்" என்றார்.

அப்பாயி இன்னும் படத்தை விடவில்லை. விரலால் பெரிதாக்கிக் கல்லைக் கல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னுகூட விழல பாரு. ஒங்க தாத்தாவுக்கு ஏழாம் நம்பர் மலையில நாலு கல்லு நட்டோம். அடுத்து தேயில வெட்டுற கவ்வாத்துக்குள்ள மூணக் காணோம். தண்ணி ஓடுற கான் கட்ட எடுத்துட்டானுங்க."