தொட்டியில் எந்த இடம் காலி என்று பார்த்து மீன் வாங்குங்கள்

கடல் மீன் தொட்டியில் ஒரு மீனை விட்டுவிட்டால் அதைத் திரும்பப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. நன்னீர்த் தொட்டி என்றால் வலையைப் போட்டு ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். பவளத் தொட்டியில் பாறை அடுக்கு இருக்கிறது, அதன் மேல் பவளம் ஒட்டி வளர்ந்திருக்கிறது, மீன் பொந்துக்குள் போய்விட்டால் மொத்தப் பாறையையும் வெளியே எடுத்தால்தான் உண்டு. அதுவும் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதைச் செய்கிற நமக்கு இன்னொரு சங்கடம், கடல் மீன் விற்கிற கடை பெங்களூரில் இருக்கிறது, இல்லாவிட்டால் சென்னை கொளத்தூரில். சண்டை போடுகிற மீனை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கப் பெங்களூருக்கே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் போக வேண்டும், அப்புறமும் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று நிச்சயம் கிடையாது. அதனால் யோசிப்பதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே யோசித்து முடித்துவிட வேண்டும்.

ஓசூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், "அக்கா, க்ளவுன் ஜோடி நல்லா செட் ஆயிடுச்சு, அடுத்து என்ன விடலாம்? கடையில நீல டாங் பார்த்தேன், கண்ணைப் பறிக்குது" என்று. க்ளவுன் என்பது ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன், நீல டாங் தட்டையான நீல மீன். அவருடைய தொட்டி எவ்வளவு பெரியது என்றால் இரண்டரை அடி. நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: உங்கள் தொட்டியில் இப்போது எந்த இடம் காலியாக இருக்கிறது?

இடம் என்றால் லிட்டர் கணக்கு மட்டும் இல்லை. மணலில் வாழும் மீன் இருக்கிறது, பாறைப் பொந்தைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும் மீன் இருக்கிறது, பாறைக்கு மேலே தண்ணீரில் ஓரிடத்தில் நின்றபடி மிதந்து வருகிற தீனியைப் பிடித்துத் தின்னும் மீன் இருக்கிறது, நாள் முழுக்கத் தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நீந்துகிற மீன் இருக்கிறது. இதில் ஏற்கெனவே ஆள் இருக்கிற இடத்துக்கு அதே மாதிரி இன்னொரு ஆளைக் கொண்டுவந்தால் சண்டை. ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே தீனி, ஒரே பொந்து, இந்த நான்கில் எத்தனை ஒத்துப்போகிறதோ அந்த அளவுக்கு அடிதடி. நன்னீரில் சொல்வார்களே, இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன் என்று, அந்தக் கணக்கை இங்கே நம்பவே வேண்டாம்.

என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறையும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்ளே ஒரு க்ளவுன் ஜோடி, ஒரு மஞ்சள் கோபி, அதனோடு ஒரு பிஸ்டல் இறால், மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்கிற ஒரு க்ளீனர் இறால். பவளம் என்றால் லெதர், மஷ்ரூம், ஜோவாந்தஸ், எல்லாம் கல்லாக வளராத மென்மையான வகைகள்தான்.

க்ளவுன் மீனைச் சாது என்று நினைக்கிறார்கள். ஓசெலாரிஸ் க்ளவுன் ஓரளவு சாதுதான், ஆனால் இடம் பிடித்துக்கொண்ட பிறகு பெண் மீன் தன் மூலையைச் சுற்றி ஓர் அடி தூரத்துக்கு யாரையும் அண்டவிடாது, கண்ணாடியைத் துடைக்கக் கை விட்டால் கையையே வந்து கடிக்கும். க்ளவுன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் இருக்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும், அந்தப் பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாகிவிடும். ஆகவே ஜோடி வேண்டும் என்றால் ஒன்று பெரியது ஒன்று சிறியது என்று வாங்கினால் போதும். ஜோடி சேர்ந்துவிட்ட பிறகு மூன்றாவதாக ஒரு க்ளவுன் கூடவே கூடாது. வேறு வகை க்ளவுனும் கூடாது, மெரூன் க்ளவுன் என்று அடர்சிவப்பில் ஒன்று வரும், அதன் கோபத்துக்கு எந்தத் தொட்டியும் தாங்காது.

அடுத்து டாம்செல். கடையில் இருப்பதிலேயே விலை குறைவு, சின்னதாக, நல்ல நீலத்தில் இருக்கும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த டோமினோ டாம்செல் குட்டியாக இருக்கும்போது யாருக்கும் பிடித்துப்போகும். பெரிதானால் அதுதான் தொட்டிக்கு ரவுடி. புதுத் தொட்டியை சைக்கிள் செய்வதற்கு, அதாவது கழிவை உடைக்கும் பாக்டீரியாவை வளர்ப்பதற்கு, டாம்செல் விடுங்கள் என்று இன்றைக்கும் சில கடைகளில் சொல்கிறார்கள், அதைக் கேட்காதீர்கள். மீனை அமோனியாவில் போட்டு வதைப்பது ஒரு பக்கம், தப்பிப் பிழைத்த டாம்செல் அதன் பிறகு வருகிற எல்லா மீனையும் விரட்டும் என்பது இன்னொரு பக்கம். மீனே இல்லாமல், ஒரு துண்டு இறாலைப் போட்டோ அமோனியா ஊற்றியோ நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருந்தால் பாக்டீரியா தானாக வளர்ந்துவிடும்.

டாங் விஷயத்துக்கு வருகிறேன். நீல டாங் ஓர் அடி வரை வளரும். கடலில் பெரும் பரப்பில் மேய்ந்து திரிகிற மீன் அது. கடையில் இரண்டு அங்குலக் குட்டியைப் பார்த்துவிட்டு இரண்டரை அடித் தொட்டியில் விட்டால் அது பயந்து ஒளியும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வரும், டாங்குகளுக்கு அந்த நோய் எளிதில் பிடிக்கும். என்னுடைய நாலடித் தொட்டியில் கூட நான் அதை விட மாட்டேன். ஆறடிக்குக் குறைந்து அதை யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மஞ்சள் டாங்கும் அழகுதான், 2015இல் ஹவாயில் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டிவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனால் அதற்கும் நீந்த நீளம் வேண்டும்.

சில மீன்கள் யாரோடும் சண்டை போடாது, ஆனாலும் வாங்கக் கூடாது. மாண்டரின் மீன் அப்படி. பச்சையும் நீலமும் ஆரஞ்சும் கோலம் போட்ட மாதிரி இருக்கும், பார்த்தால் விட்டு வர மனசு வராது. அது காலையிலிருந்து ராத்திரி வரை பாறையில் இருக்கிற காப்பிபாட் என்னும் பொடி உயிர்களைக் கொத்திக் கொத்தித் தின்றே வாழ்வது. பழைய, பெரிய, பாறை நிறைந்த தொட்டியாக இல்லாவிட்டால் சில வாரங்களில் காப்பிபாட் தீர்ந்து, மீன் கண்முன்னாலேயே வயிறு ஒட்டிச் சாகும். பெல்லட் என்னும் உருண்டைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பட்டர்ஃப்ளை மீன்களில் பல பவளத்தையே தின்பவை. ட்ரிகர் மீன் இறாலையும் நத்தையையும் விடாது. லயன் மீன் வாய்க்குள் போகிற எதையும் விழுங்கிவிடும். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம், "அண்ணா, ஒருதரம் தீனி போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். மைசிஸ் என்னும் உறைந்த பொடி இறாலைப் போட்டவுடன் முன்னால் வந்து தின்னாத மீனை நான் வாங்குவதே இல்லை.

சரி, எது பொருந்தும்? மணலுக்கு என்றால் கோபியும் பிஸ்டல் இறாலும்தான் என் முதல் தேர்வு. இறாலுக்குப் பார்வை சரியாகத் தெரியாது. அது வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், இறால் இரண்டு கையிலும் மணலை அள்ளி வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது அதன் நீண்ட மீசை ஒன்று கோபியின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். வெளியில் யாராவது நடந்தால் கோபி வாலை ஒரு சிமிட்டு சிமிட்டும், அந்த நொடியே இறால் உள்ளே. ஆபத்து பெரிதாக இருந்தால் கோபியும் தலைகீழாக வளைக்குள் பாயும். இந்த ஜோடிக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றால் பாறையை மணலின் மேல் வைக்காமல் கண்ணாடித் தரையில் வைத்துவிட்டு அதைச் சுற்றி மணல் போடுங்கள், இல்லாவிட்டால் இறால் தோண்டித் தோண்டிப் பாறை சரிந்துவிடும்.

என் தொட்டியில் காலியாக இருந்தது பாறைக்கு மேலே, க்ளவுன் மூலைக்கு எதிர்ப்பக்கத்து நடுத் தண்ணீர். அதற்கு இரண்டு பேரை யோசித்தேன். ஒன்று பாங்காய் கார்டினல், இந்தோனேசியாவில் சுலவேசிக்குப் பக்கத்தில் பாங்காய் தீவுகளைச் சேர்ந்த மீன். ஆண் மீன் முட்டையை வாயில் அடைகாத்துக்கொண்டு வாரக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். கடலில் பிடித்துப் பிடித்தே அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதால் பண்ணையில் வளர்ந்ததை மட்டும்தான் வாங்க வேண்டும். ஐந்தாறு சேர்த்து விட்டால் ஒரு ஜோடி சேர்ந்து மற்றதைக் கொன்றுவிடும், ஒன்றோ ஒரு ஜோடியோ போதும். இன்னொன்று ஃபயர் ஃபிஷ். உடம்பின் முன்பாதி வெள்ளை, பின்பாதி தீ மாதிரிச் சிவப்பு, முதுகில் நீண்ட ஒற்றைத் துடுப்பு, அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நிற்கும். ஒருவரோடும் வம்புக்குப் போகாது, மிதந்து வருகிற தீனியைப் பிடிக்கும். கோபிக்கும் க்ளவுனுக்கும் அது போட்டியே இல்லை. நான் ஃபயர் ஃபிஷ் ஒன்றைத்தான் எடுத்தேன். ஒரே குறை, பயந்தால் துள்ளி வெளியே குதித்துவிடும், தொட்டியின் மேல் வலை மூடி இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

சிக்ஸ் லைன் ராஸ் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சின்ன மீன், பாறையில் இருக்கிற புழு பூச்சிகளைத் தின்னும், நல்லதுதான். ஆனால் அது பழகிவிட்டால் பிறகு வருகிற கூச்ச சுபாவமுள்ள மீன்களை விரட்டி விரட்டியே சாகடிக்கும். அதனால் வரிசை முக்கியம். பயந்தவர்களை முதலில் விடுங்கள், அதிகாரம் செய்பவர்களைக் கடைசியில். பட்டியலில் ராஸ் இருந்தால் அது கடைசிப் பெயராக இருக்கட்டும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடுகிற முறையிலும் பாதிச் சண்டையைத் தவிர்க்கலாம். ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, புது மீனை அதில் சில நாள் வைப்பது என் வழக்கம். ஃபயர் ஃபிஷ்ஷை வைத்தபோது க்ளவுன் பெண் வந்து டப்பாவை முட்டியது, பக்கவாட்டில் திரும்பித் தன் உடம்பைப் பெரிதாகக் காட்டியது, அடுத்த நாளும் வந்தது. அப்புறம் தீனி நேரத்தில் டப்பாவைத் தாண்டிப் போக ஆரம்பித்தது, உள்ளே இருந்ததும் பயம் தெளிந்து தின்ன ஆரம்பித்தது. விளக்கை அணைத்து, பழைய மீன்களுக்கு வயிறாரத் தீனி போட்டுவிட்டு அதன் பிறகு திறந்துவிட்டேன்.

அதற்கெல்லாம் முன்னால் குவாரன்டைன். தனியாக ஒரு சின்னத் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பிவிசி துண்டு, அவ்வளவுதான் செலவு. வெள்ளைப் புள்ளி நோய் மீன் உடம்பில் சில நாள் இருந்துவிட்டு உதிர்ந்துபோகும், குணமாகிவிட்டது என்று நினைப்போம், அது மணலில் பெருகித் திரும்ப வரும். அதற்கான காப்பர் மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்ற முடியாது, இறாலும் பவளமும் செத்துவிடும். நோய் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் தொட்டியைக் காலியாக விடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது.

இன்னொரு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்காக. பல கடைகளில் உப்பின் அளவைக் குறைத்து வைத்திருப்பார்கள். குறைந்த உப்பிலிருந்து நம் தொட்டியின் 1.025 ஒப்படர்த்திக்கு (உப்பின் அளவைக் காட்டும் எண்) மீனைச் சட்டென்று மாற்றினால் தாங்காது. அதனால் கடையில் உப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, குவாரன்டைன் தொட்டியை முதல் நாளே அதே அளவுக்குத் தயார் செய்துவிடுங்கள், பிறகு சில நாட்களில் மெதுவாக ஏற்றலாம். சென்னையில் இருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது ஆபத்து. பை மூடியிருக்கும்போது மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு தண்ணீரின் பிஎச் அளவைக் குறைத்து வைத்திருக்கும், அதனால் அமோனியா அவ்வளவாக விஷமாக இருக்காது. திறந்தவுடன் அந்தக் காற்று வெளியேறி பிஎச் ஏறும், அதே அமோனியா மீனைக் கொல்லும். பையை மூடியபடியே இருபது நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்ததும் மீனை மட்டும் மாற்றிவிடுங்கள்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். போர் தண்ணீரை அப்படியே உப்புக் கரைக்கப் பயன்படுத்தவே கூடாது, ஆர்ஓ தண்ணீரை, மிச்சமிருக்கிற உப்புகளையும் எடுத்துவிடும் டிஐ ரெசினிலும் விட்டு, டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும். ஏப்ரல், மே வெயிலில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும், சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, அந்த நேரத்தில் கரண்டும் போனால் முதலில் போவது பெரிய மீன்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் வைத்திருங்கள். புது மீன் வாங்குவதை ஆடிக் காற்று வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடல் குதிரை, கல் பவளம், கடல் விசிறி மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. ராமேஸ்வரம் பக்கம் இருந்து கொண்டுவந்தது என்று யார் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மன்னார் வளைகுடாவில் பவளம் எவ்வளவு நொந்து கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். க்ளவுன் வாங்கும்போதும் கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை எப்போதோ கொண்டுவந்துவிட்டது.

ஓசூர்த் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: இருக்கிற க்ளவுன் ஜோடி, மணலுக்கு ஒரு கோபியும் பிஸ்டல் இறாலும், வலை மூடி போட்ட பிறகு ஒரு ஃபயர் ஃபிஷ். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி, மீன் கழிவால் சேரும் நைட்ரேட் ஏறவில்லை என்று பார்த்த பிறகு அடுத்தது. நீல டாங் கிடையாது. அவர் இப்போது வலை மூடிக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார்.