பில்நம்பர் எப்போது வந்து சேர்கிறது?

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் புரோகிராமிங் மொழியான விஷுவல் ஃபாக்ஸ்புரோவில், ஒரு ஃபார்முக்கு (திரையில் திறக்கும் படிவம்) சொந்தமாக ஒரு ப்ராப்பர்ட்டி (மதிப்பைத் தாங்கும் இடம்) சேர்க்க அரை நிமிடம் போதும். பில் எண்ணைத் தாங்கும் 'பில்நம்பர்' என்று வைத்துக்கொள்வோம். டிசைனரில் ஃபார்ம் மெனு, நியூ ப்ராப்பர்ட்டி, பெயர், ஆட். மெத்தடுக்கும் (ஃபார்ம் செய்ய வேண்டிய வேலைக்கான கோடு) அதே மெனுதான். சேர்த்தது ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவின் அதர் டேபில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் (lowercase) நிற்கும். எங்கிருந்தும் மாற்றக்கூடிய பப்ளிக் வேரியபிள்களை இறைத்து வைத்த பழைய புரோகிராம்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்: ஒரே ஃபார்மை இரண்டு தடவை திறந்தாலும் ஒன்றின் பில்நம்பர் மற்றதை மிதிக்காது.

ஆரம்ப மதிப்பு கொடுக்காவிட்டால் அது பூஜ்யமாக இருக்காது, .எஃப். (பொய் என்ற லாஜிக்கல் மதிப்பு) என்றிருக்கும். அதோடு 100-ஐக் கூட்டினால் 'டைப் மிஸ்மேட்ச்' என்று நின்றுவிடும். எனவே விண்டோவிலேயே 0 போட்டுவிடுவது வழக்கம்.

ஆளைச் சுற்றவிடுவது வரிசைதான். 'டூ ஃபார்ம் பில் வித் 1207' என்று அழைத்தால் அந்த எண் ஃபார்மின் இனிட்டுக்குத்தான் (உருவாகும்போது தானாக ஓடும் மெத்தட்) வரும். ஓடுவதோ முதலில் ஃபார்மின் லோட், அடுத்து உள்ளே இருக்கும் கண்ட்ரோல்களின் (டெக்ஸ்ட்பாக்ஸ், காம்போ போன்றவை) இனிட், அதற்கும் பிறகே ஃபார்மின் இனிட். காம்போ (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டி) தன் பட்டியலை நிரப்ப, தன் இனிட்டில் திஸ்ஃபார்ம்.பில்நம்பரைக் (இந்த ஃபார்மின் பில்நம்பர்) கேட்டால் 0 கிடைக்கும். பட்டியல் காலியாக வரும். எரர் இல்லாததால் டேபிளில்தான் ஏதோ கோளாறு என்று அங்கே தேடுவோம். .எஃப். ஆகவே விட்டிருந்தால் எண்ணோடு ஒப்பிடும் இடத்திலேயே சத்தம் போட்டிருக்கும். 0 போட்ட நல்ல பழக்கமே தவறை மூடி மறைத்துவிடுகிறது! காம்போவின் இனிட்டில் இருப்பதை 'நிரப்பு' என்று ஒரு மெத்தடாக ஃபார்முக்கு மாற்றி, ஃபார்மின் இனிட்டில் பில்நம்பரை வாங்கி வைத்த அடுத்த வரியில் அழைத்தால் தீர்ந்தது.

டெக்ஸ்ட்பாக்ஸுக்குத் தனி ப்ராப்பர்ட்டி வேண்டுமென்றால் ஃபார்ம் மெனு உதவாது. அதை சேவ் ஆஸ் கிளாஸ் செய்து (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் அச்சாகச் சேமித்து), கிளாஸ் டிசைனரில் சேர்க்க வேண்டும். ஃபார்மில் ஏற்கெனவே இருக்கும் டெக்ஸ்ட்பாக்ஸ் பழையதாகவே இருக்கும். அதை அழித்துவிட்டுப் புதியதை இழுத்துப் போட வேண்டும். புரோகிராம் ஓடும்போது ஆட்ப்ராப்பர்ட்டி மெத்தடைப் போட்டும் சேர்க்கலாம்தான். ஆனால் அது ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவில் தெரியாது, எழுத்துப்பிழையோடு எழுதினால் அந்தப் பெயரிலேயே சேர்ந்துவிடும்.

மதிப்பு மாறும்போது சோதிக்க, சேர்க்கும்போதே அசைன் மெத்தடை டிக் செய்யலாம். அதில் தானாக வரும், புது மதிப்பைத் திரும்ப ப்ராப்பர்ட்டியில் வைக்கும் வரியை அழித்துவிட்டால் எதைக் கொடுத்தாலும் உள்ளே நிற்காது.