வாரியல் தப்பா?

திருநெல்வேலிப் பக்கம் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிற என் தாத்தாவுக்குப் போன ஆடியில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும். கால் எப்படியோ தேறி, தார்சாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு வந்துவிட்டார், பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது, பதில் உள்ளே இருப்பதும் முகத்தில் தெரிகிறது, ஆனால் வெளியே வரும்போது ஒற்றை ஒற்றைச் சொல்லாகத் திக்கித் திணறி வருகிறது. வேடிக்கை என்னவென்றால், ஒண்ணு ரெண்டு மூணு என்று நாம் எடுத்துக் கொடுத்தால் இருபது வரைக்கும் தடங்கலே இல்லாமல் போவார். கொள்ளுப்பேரன் டிவி ரிமோட்டைப் பிடுங்கினால் "சவத்த மூதி" என்கிற வசவு முழுசாக, சுத்தமாக வந்து விழும்.

இதற்கு அஃபேசியா என்று பெயர். தாத்தாவுக்கு வந்தபிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்தேன். 1861-ல் பாரிஸ் பக்கத்து பிசேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ஞ் என்று ஒருவர் இருந்திருக்கிறார். 21 வருஷமாக எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பாராம் (நம்ம ஊர் 'தான்' இல்லை, அர்த்தமில்லாத வெறும் அசை). ஆனால் கோபம் வந்துவிட்டால் ஒரு வசவு மட்டும் முழுசாக வருமாம்! அவர் இறந்த பிறகு பால் ப்ரோக்கா என்கிற டாக்டர் மூளையை எடுத்துப் பார்த்து, இடது முன்பக்கம் பழுதாகியிருப்பதைக் காட்டினார். அந்த மூளையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், 2007-ல் அதை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் ப்ரோக்கா மேலோட்டமாகக் கண்டதைவிடச் சேதம் ரொம்ப ஆழம் என்று தெரிந்தது. யோசித்துக் கட்டுகிற பேச்சு வேறு, எண்ணிக்கை, வசவு, பிரார்த்தனை மாதிரி தன்னால் வருகிற பேச்சு வேறு என்று லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். மூதி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சரி, சொல்ல வந்தது வேறு.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பயிற்சி கொடுக்கிற பெண் வடக்கே எங்கோ இருந்து வந்தவர், ரொம்பப் பொறுமைசாலி, அவரைக் குறையே சொல்ல மாட்டேன். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டார். துடைப்பம் படம். தாத்தா நெற்றியெல்லாம் வேர்த்து, "வா... வாரி... வாரியல்" என்றார். அந்தப் பெண் பேப்பரில் குறித்தார். எட்டிப் பார்த்தேன், 'பொருளற்ற சொல்'. அடுத்தது லுங்கி. "சாரம்." அதற்கு 'வேறு சொல்' என்று ஒரு குறி. கொட்டாங்குச்சிக்கு "செரட்டை" வந்ததும் மறுபடி முதல் குறி.

ஆச்சி அதுவரைக்கும் பையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தவள், "இங்க பாரும்மா, அவுக சரியாத்தான் சொல்லுதாக. வாரியல்னா வாரியல்தானே, வேற என்னத்தச் சொல்ல?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அஃபேசியாவில் நிஜமாகவே இல்லாத சொல்லை உருவாக்கிச் சொல்வதும் உண்டு, ஒன்றுக்கு இன்னொன்றைச் சொல்வதும் உண்டு, அதைத்தான் அந்தச் சோதனை தேடுகிறது. திருநெல்வேலித் தமிழ் தெரியாத காதுக்கு வாரியல் இல்லாத சொல்தான், சாரம் கொத்தனார் கட்டுகிற சாரம்தான். அப்புறம் "அவன் பள்ளிக்கூடத்திற்குச் செல்கிறான்" என்று திருப்பிச் சொல்லச் சொன்னார். தாத்தா, "பள்ளிக்கொடம்... போறாம்." இதில் 'க்கு' காணாமல் போனது நோய். 'செல்கிறான்' போறாம் ஆனது நோய் இல்லை, எங்கள் ஊரில் யார் செல்கிறார்கள்? ஒரே வாக்கியத்துக்குள் ரெண்டும் இருக்கிறது, மார்க் மட்டும் ஒரே மாதிரி குறைகிறது.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆன் ஆர்பர் ஊரில், வீட்டில் கறுப்பின ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகளைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் கணக்கில் சேர்த்து வைத்ததற்குத் தாய்மார்கள் கேஸ் போட்டார்கள். பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைத் தெரிந்துகொண்டுதான் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று 1979-ல் தீர்ப்பு வந்தது. ஆங்கிலத்தின் எந்த வழக்கும் பேச்சுக் குறைபாடு ஆகாது என்று அங்குள்ள பேச்சு-செவித்திறன் சங்கமே 1983-ல் அறிவித்தது. தமிழில் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று, அதிலும் ஜில்லாவுக்கு ஒன்று. நமக்கு இது இன்னும் அவசரம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த வாரம் போனபோது அந்தப் பெண் அட்டைகளுக்குப் பின்னால் பென்சிலில் வாரியல், சாரம், சிரட்டை என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் தாத்தா பதில் சொன்னதும் அவர் பார்வை நேரே ஆச்சியிடம் போனது, ஆச்சி தலையை ஆட்டினால் சரி. குடைப் படம் வந்தது. தாத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தெளிவாக, "நாக்காலி" என்றார்.

நாங்கள் ரெண்டு பேருமே ஆச்சியைப் பார்த்தோம்.

"இல்லம்மா," என்றாள், "இது தப்புதான்."