பிளேட்டில் எப்போதும் ஏதாவது வளரும்

தொண்டையில் தேய்த்தெடுத்த ஸ்வாபை, கிருமி வளர்க்க ரத்தம் சேர்த்துச் செய்த பிளட் அகார் பிளேட்டில் இழுத்து, இரவெல்லாம் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தால், குண்டூசித் தலையைவிடச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலான பச்சை வளையம். விரிடான்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். உங்கள் வாயிலும் என் வாயிலும் எந்நேரமும் குடியிருப்பது. "இயல்பான கிருமிகள் மட்டுமே" என்று எங்கள் ஆய்வகத்திலிருந்து ரிப்போர்ட் எழுதி அனுப்புவோம். கொஞ்ச நேரத்தில் வார்டிலிருந்து போன் வரும்: "ஏதோ வளர்ந்திருக்குல்ல மேடம்? பேரைப் போட்டுக் கொடுங்களேன்."

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பச்சை வளையத்தை நம்பி எத்தனையோ பேருடைய பற்களைப் பிடுங்கியிருக்கிறார்கள். வேலைக்கு நடுவே பழைய மருத்துவ வரலாறு படிக்கிற பழக்கத்தில் எனக்குத் தெரியவந்த கதை இது.

1910-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசிய லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், பல் மருத்துவர்களை ஒரு பிடி பிடித்தார். அடியில் சீழை வைத்து மூடிவிட்டு மேலே தங்கத்தில் கல்லறை கட்டுகிறார்கள் என்றார். இரண்டே வருஷத்தில் சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் அதைக் கோட்பாடாகவே ஆக்கிவிட்டார். பல் வேரிலோ டான்சிலிலோ கிருமி பதுங்கியிருக்கும், ரத்தம் வழியாகப் போய் மூட்டையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பதுங்கிய இடத்தை எடுத்துவிட்டால் நோய் தீரும். அவருடைய சீடர் எட்வர்ட் ரோஸ்னோ மேயோ கிளினிக்கில் நோயாளிகளின் ஸ்ட்ரெப்டோகாக்கஸை முயல்களுக்கு ஏற்றி, மூட்டு நோயாளியின் கிருமி முயலின் மூட்டைத்தான் தேடிப் போகிறது என்றார். ஏற்றிய அளவைப் பார்த்தால், எங்கேதான் போகாது என்று கேட்கத் தோன்றும். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை.

வெட்டி எடுக்க முடியாதவர்களுக்கும், எடுத்தும் வலி போகாதவர்களுக்கும் தடுப்பூசி இருந்தது. வருமுன் காப்பதற்கு அல்ல, வந்த நோய்க்கு, அவரவர் உடம்பில் எடுத்த கிருமியிலேயே செய்தது. ஆட்டோ வாக்சின் என்று சொல்வோம். இந்த வாக்சின் சிகிச்சைக்குத் தலைமை லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் ஆல்ம்ரோத் ரைட். கிருமியைச் சாய்வு அகாரில் வளர்த்து, உப்புநீரில் கலக்கி, 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துக் கொன்று, கெடாமலிருக்கக் கொஞ்சம் ஃபீனால் சேர்ப்பார்கள். எத்தனை கிருமி இருக்கிறது என்று எண்ண ரைட் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கலவை ஒரு பங்கு, விரல் நுனி ரத்தம் ஒரு பங்கு, இரண்டையும் நுண்குழாயில் உறிஞ்சிக் கலந்து ஸ்லைடில் இழுக்க வேண்டும். ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 50 லட்சம் சிவப்பணு என்பது முன்பே தெரியும். மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுக்களையும் கிருமிகளையும் எண்ணி விகிதம் போட்டால் கணக்கு வந்துவிடும். மெஷின் எதுவும் வேண்டாம்.

இவ்வளவு கறாராகக் கிருமியை எண்ணியவர்கள் நோயாளிகளை எண்ணவில்லை. ஊசி போட்டவர் குணமானதை எழுதி வைத்தார்கள். போடாதவர்களில் எத்தனை பேர் தானாகக் குணமானார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. ரைட்டுக்குப் புள்ளியியல்காரர்களைக் கண்டாலே ஆகாது. டைஃபாய்டு தடுப்பூசிக் கணக்கை வைத்து 1904-இலேயே கார்ல் பியர்சனோடு மோதியவர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவர் துறையில் இருந்த ஃபிளெமிங், 1928-இல் பெனிசிலினைக் கண்ட பிறகு, பிளேட்டில் மற்ற கிருமிகளை அடக்கி இன்ஃபுளூயன்சா பேசில்லஸ் என்ற கிருமியைத் தனியே பிரிக்க அதைப் பயன்படுத்தினார். அதுவும் வாக்சின் வேலைக்குத்தான். பெனிசிலின் மருந்தாக வந்ததும் வாக்சின் சிகிச்சை படுத்துவிட்டது.

நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் நடந்ததைப் படிக்கவே மனம் வரவில்லை. ஹென்றி காட்டன் மனநோய்க்கும் இதே வைத்தியம் பார்த்தார். பல், டான்சில், அப்புறம் பெருங்குடல். 85 சதவீதம் பேர் குணம் என்றார். குணமாகாவிட்டால் இன்னும் எங்கோ கிருமி மிச்சம் என்று அர்த்தம், அடுத்த உறுப்பைத் தேடு. இப்படி வாதம் செய்கிறவரை எந்த ரிப்போர்ட்டாலும் தோற்கடிக்க முடியாது. அவர் கணக்குப்படியே பெருங்குடல் அறுவையில் நூற்றுக்குச் சுமார் முப்பது பேர் இறந்தார்கள். ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற மனநல மருத்துவர் நேரில் போய் ஆராய்ந்து எழுதிய அறிக்கையை வெளியிடாமலே வைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் உண்மையைக் காட்டியது ஒரு சின்னச் சோதனை. 1936-இல் ஃபிஷ், மக்லீன் என்ற இருவர் பல்லைப் பிடுங்கும் முன் ஈறோரத்தைச் சுட்டுக் கிருமி நீக்கினார்கள். பிறகு பிடுங்கிய பல் வேரில் எதுவும் வளரவில்லை. குறடால் பல்லை ஆட்டும்போது ஈறில் இருக்கும் கிருமி பம்ப் அடித்த மாதிரி உள்ளே போகிறது. வருஷக்கணக்காக ஆய்வகங்கள் "வேரில் பதுங்கிய கிருமி" என்று எழுதியதில் எத்தனை இப்படி வந்ததோ! 1938-இல் நியூயார்க்கின் ரஸ்ஸல் சிசில், ஆஞ்செவைனோடு சேர்ந்து, 200 முடக்குவாத நோயாளிகளை அலசிப் பல்லும் டான்சிலும் எடுத்ததால் பெரிய பலன் இல்லை என்று எழுதினார். முன்பு மூட்டு நோயாளிகளின் ரத்தத்திலேயே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கிறது என்று அறிவித்தவர்களில் அவரும் ஒருவர். எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

முழுக்கப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. பல்லிலிருந்து ரத்தத்தில் ஏறும் அதே விரிடான்ஸ், பழுதான இதய வால்வில் போய் ஒட்டிக்கொள்வது நிஜம். ரத்தக் கல்ச்சர் பாட்டில்கள் ஒன்றுக்கு மேல் அதே கிருமியைக் காட்டினால் நாங்களே வார்டுக்கு ஓடிப்போய்ச் சொல்வோம்.

இன்று மூட்டுவலிக்கு யாரும் டான்சிலை எடுப்பதில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் அளக்கும் ஏஎஸ்ஓ டெஸ்ட் எடுக்கிறார்கள். 200-க்கு மேல் வந்தால் "ரத்தத்தில் கிருமி" என்கிறார்கள். பெரும்பாலும் சிறுவயதில் வரும் வாதக் காய்ச்சலுக்கான, 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி நாற்பது தாண்டிய பெண்களுக்குக்கூட ஓடிக்கொண்டிருக்கும். தொண்டைப் புண் வந்துபோன பிறகு பல மாதம் அந்த எண் ஏறியே இருக்கும், அது ஒன்றே வாத நோய்க்கு ஆதாரமாகாது என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி சேர்த்தோம். "எண்ணு இன்னும் குறையலியே மேடம்" என்று கவலையோடு வந்து நிற்பவர்கள் குறையவில்லை. ஆனால் ஏஎஸ்ஓவோடு, முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி சிசிபி டெஸ்டையும் டிக் அடித்து வருகிற சீட்டுகள் முன்னைவிட அதிகம்.