எடின்பரோ கால்நடை மருத்துவப் பள்ளியை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்க நினைப்பவர்கள், முடிந்தால் விண்ணப்பம் போடும் முன்பே பள்ளியை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள். நான் பார்த்தது ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பள்ளி. 'டிக் வெட்' என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். குதிரைக்கு லாடம் அடிப்பவரின் மகனான வில்லியம் டிக் 1823-இல் தொடங்கியது.

பள்ளி இப்போது நகரத்துக்குள் இல்லை. பழைய இடமான சம்மர்ஹால் கலை மையமாகிவிட்டது. 2011 முதல் பென்ட்லாண்ட் மலைப் பக்கம் ஈஸ்டர் புஷ் வளாகத்தில் இயங்குகிறது. மாணவர்கள் பலர் நகரத்தில் தங்கி பஸ்ஸில் வருகிறார்கள். அதனால் நீங்களும் ஒரு வேலைநாள் காலையில் பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள், அன்றாடப் பாடு புரியும். குளோனிங் முறையில் டாலி ஆட்டுக்குட்டியை 1996-இல் உருவாக்கிய ரோஸ்லின் ஆய்வு நிறுவனமும் இதே வளாகத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து மலைப்பது சகஜம், ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம்.

என்னைக் கட்டிப்போட்டது செயல்முறைப் பயிற்சிக் கூடம். உயிருள்ள மாட்டைத் தொடும் முன் மாதிரி உருவங்களில் கை பழக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். பிரசவம் பார்க்கக் கற்கும்போது, உள்ளே கைக்குத் தட்டுப்படுவது கன்றின் முன்னங்காலா பின்னங்காலா என்று கண்ணால் பார்க்காமலே சொல்ல வேண்டும். குளம்பிலிருந்து மேலே தடவிக்கொண்டே போனால், முன்னங்காலில் முதல் இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்கும். பின்னங்காலில் எதிரெதிர்ப் பக்கம் மடங்கும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, விரல் நுனியில் உணர்வது வேறு. எந்தப் பள்ளிக்குப் போனாலும், இப்படிக் கை பழகும் வாய்ப்பு எந்த வருடத்தில் தொடங்குகிறது என்று கேளுங்கள். எனக்கு நூலகத்தைவிட அதுதான் முக்கியம்.

அடுத்தது பூட்ஸ். பண்ணைக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் ரப்பர் பூட்ஸின் அடிப்பள்ளத்தில் ஒட்டியிருக்கும் சாணத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். 2001-இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அந்த நினைவு அங்கே இன்னும் ஆறவில்லை. நம் ஊரில் கோமாரி உண்டு என்பதால், ஊரிலிருந்து நேராகப் போகிறவர்கள் எப்போது கடைசியாக மாடு, ஆடுகளோடு இருந்தோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பண்ணையில் போட்ட செருப்பை, உடையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

விண்ணப்ப விஷயம் சுருக்கமாக: பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் (UCAS) வழியாகப் போட வேண்டும், கடைசி நாள் அக்டோபர் 15 வாக்கில் வரும், கால்நடை மருத்துவத்துக்கு அதிகபட்சம் 4 இடங்களைத்தான் தேர்வு செய்யலாம். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 30,000 பவுண்டுக்கும் மேல். படித்து முடித்து இந்தியாவில் தொழில் செய்வதாக இருந்தால், இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பதிவு விதிகளை இப்போதே படித்துவிடுங்கள்.

அப்புறம், சுற்றிக் காட்டும் மாணவர்களிடம் விடுமுறையை எங்கே கழித்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பிரிட்டனில் விடுமுறையின் பெரும்பகுதி சம்பளமில்லாத பண்ணைப் பயிற்சிக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் போய்விடுகிறது. வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடும் காலத்தில் இரவு முறை வேலையும் வரும். அந்தப் பயிற்சி இடங்களில் தங்கவும் போய்வரவும் ஆகும் செலவைக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.